பழைய நிஸான் ஃபிரான்டியருக்கு எந்தக் கூலர், எந்த வழியில்?

அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை வந்த நிஸான் ஃபிரான்டியர் பிக்கப்பை இன்று பழைய வண்டியாக வாங்குகிறவர், இன்ஜினைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே ரேடியேட்டர் மாற்றியாயிற்றா என்று கேட்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி அந்த ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே விரிசல் விட்டால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கியர்பாக்ஸுக்குள் போய்விடும். இரண்டும் கலந்து இளஞ்சிவப்பாக வருவதைப் பார்த்து வண்டிக்காரர்கள் வைத்த பெயர் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக். பெயர்தான் இனிப்பு. கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பட்டையைப் பிடித்திருக்கும் பசையை அந்தக் கலவை கெடுத்துவிடும். அப்புறம் ஆயிலை மாற்றிக் கழுவித் தப்பிப்பது அதிர்ஷ்டம். அதே காலத்து நிஸான் எக்ஸ்டெர்ரா, பாத்ஃபைண்டர் வண்டிகளிலும் இதே கதைதான். நிஸான் ரேடியேட்டர் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை நீட்டியது. அந்தக் கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது.

பொதுவாக, கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கத் தனிக் கூலர் என்றால் டிரெய்லர் இழுப்பவர்களின் சமாசாரம். இந்த வண்டியில் அப்படி இல்லை. சூட்டைக் குறைக்க மாட்டுகிறோமா, கூலன்ட் கலக்காமல் இருக்க மாட்டுகிறோமா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் விடை வேறு.

புது ரேடியேட்டர் போட்டு மற்றதைப் பழையபடி விடுவது எளிதான வழி. இதைச் சிலர் கேலி செய்கிறார்கள், அது நியாயமில்லை. ரேடியேட்டருக்குள் ஆயிலின் சூட்டை வாங்கிக்கொள்வது திரவம், காற்று அல்ல. அதனால் வண்டி ஊர்ந்தாலும் நின்றாலும் வேலை நடக்கிறது. மினசோட்டா போன்ற இடத்துக் குளிர்காலத்தில் இதே அமைப்புதான் ஆயிலைச் சூடேற்றியும் கொடுக்கிறது. சுமை இழுக்காதவருக்கு இது போதும். ஆனால் ஆயிலும் கூலன்டும் இன்னமும் ஒரே கூரைக்குக் கீழேதான். புது ரேடியேட்டரும் ஒருநாள் பழசாகும்.

ரேடியேட்டரை வைத்துக்கொண்டே, கிரில்லுக்குப் பின்னால் இன்னொரு கூலரைத் தொடராக இணைப்பது அடுத்தது. குளிர்விக்கும் திறனில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆயில் முதலில் ரேடியேட்டருக்கும், பிறகு கூலருக்கும் போய், அங்கிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்புவது வழக்கமான வரிசை. கடுங்குளிர் ஊரில் சிலர் இதை மாற்றிப் போட்டு, கடைசியில் ரேடியேட்டரில் சூடேற்றி அனுப்புகிறார்கள். அரிசோனா மேட்டில் படகு இழுப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான், புது ரேடியேட்டரோடு சேர்த்து. கூலர் மாட்டியாயிற்று, இனி கூலன்ட் கலக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விரிசல் விடும் இடத்தின் வழியாகத்தான் ஆயில் இன்னமும் போகிறது.

ரேடியேட்டரை அடியோடு ஒதுக்கிவிட்டு ஆயிலை வெளிக் கூலருக்கு மட்டும் அனுப்பினால் கலக்கவே வழியில்லை. பழைய ரேடியேட்டரோடு ஓடும் ஃபிரான்டியருக்கு நான் சொல்வது இதுதான். விலையும் உண்டு: நெரிசலில் நிற்கும்போது மின்விசிறி இழுக்கும் காற்றை மட்டுமே நம்ப வேண்டும். ஆகவே கூலர் பெரிதாக இருக்கட்டும். குளிரில் ஆயில் கெட்டியாகவே இருந்து கியர் மாறுவது மந்தமாகும். அதற்கு 180 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 82 டிகிரி செல்சியஸில் திறந்து ஆயிலைக் கூலருக்கு விடும் தெர்மோஸ்டாட் ஒன்றை இடையில் போடலாம். பனி விழாத ஊரில் அது வீண் செலவு.

சரி, எந்தக் கூலர்? வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் குழாயில் தகட்டுச் சிறகுகள் செருகியதுதான் மலிவானது. ஹேடன், டெரேல் இரண்டுமே இதை விற்கின்றன. இதில் நடுவில் ஓடும் ஆயில் குழாய்ச் சுவரைத் தொடாமலே போய்விடும். அதே வேலைக்கு அளவு பெரிதாக வேண்டும். தகடுகளை அடுக்கிச் செய்த கூலரில் ஆயில் மெல்லிய அடுக்குகளாகப் பிரிந்து ஓடுவதால் சின்ன இடத்திலேயே நிறைய சூடு இறங்குகிறது. ட்ரூகூல் விற்பது இந்த வகைதான். குளிர்ந்த ஆயிலை ஓரமாக வழிவிட்டு அனுப்பும் வசதியும் இவற்றில் சிலவற்றில் உண்டு. ரேடியேட்டரை ஒதுக்குவதாக இருந்தால் மலிவு வகைப் பக்கம் போக வேண்டாம். கூலர் எவ்வளவு எடைக்குத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கைப் பார்க்கும்போது வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

மாட்டுவதில் இரண்டு இடங்களில் கஞ்சத்தனம் கூடாது. ஹோஸ் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த பெட்ரோல் ஹோஸ் அந்தச் சூட்டுக்கு ஆகாது. கிட்டோடு வரும் பிளாஸ்டிக் கட்டுகளை ஏசி கண்டென்சரின் சிறகுகளுக்குள் நுழைத்துக் கட்டினால், அதிர்வில் உரசி உரசி அந்தக் கண்டென்சரும் ஓட்டையாகும். இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஆயிலைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஓட்டிப் பார்த்துவிட்டு அளவைச் சரிசெய்ய வேண்டும். ரேடியேட்டரை ஒதுக்கியிருந்தால் அதில் காலியான இரண்டு முனைகளையும் மூடிவிடுங்கள். பிற்பாடு உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் வெளியே வர அந்த வழி திறந்திருக்கக் கூடாது.