ரப்பர் பால்வெட்டுக்கு வாங்கிய கம்பூட்ஸ்: ஒரு மழைக்காலம் போட்டுப் பார்த்த பிறகு

களியக்காவிளைக் கடை ஒன்றில் ஜூன் முதல் வாரம் வாங்கியது. முட்டளவு உயரம், 480 ரூபாய். அருமனைப் பக்கம் எங்களுக்கு இருநூற்றுச் சொச்சம் ரப்பர் மரங்கள். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானேதான் வெட்டுகிறேன். வெட்டில் மழைநீர் இறங்காதபடி மரத்தைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் மறைப்பான ரெயின்கார்டு போட்டிருப்பதால் மழையிலும் வெட்டு உண்டு. விடியுமுன் ஹெட்லைட்டோடு இறங்கினால் எட்டு மணி வரை சேற்றில்தான் நிற்பு.

பிடிப்பு அருமை. சரிவில் ஒருமுறைகூட வழுக்கவில்லை, நான்கு மாதத்தில் வெடிப்பும் இல்லை. அட்டைக்கும் பாம்புக்கும் பயமில்லாமல் நடக்கலாம்.

குறை உள்ளே இருக்கிறது. துணி லைனிங் நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. ஆடியில் ஒருநாள் பெருமழை பூட்ஸின் வாய்வழியே இறங்கிவிட்டது. அப்படியே வெட்டி முடித்தேன். கழற்றினால் பாதம் ஊறிய பப்படம்போல் வெளுத்துச் சுருங்கியிருந்தது, சுண்டுவிரல் இடுக்கில் தோல் பிரிந்திருந்தது. சேற்றுப்புண். பத்து நாள் செருப்புகூடப் போட முடியவில்லை.

அந்தப் பத்து நாளும் நான் வருஷாவருஷம் பத்தாம் வகுப்புக்கு நடத்திய முதல் உலகப் போரின் பதுங்குகுழிப் போர்தான் மனதில் ஓடியது. வீரர்களின் கால் அழுகியது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். எனக்கு மூன்று மணி நேர ஈரம். அவர்களுக்கு உறைபனித் தண்ணீரில் நாள்கணக்கில். முதலில் மரத்துப்போகும், அப்புறம் வீங்கும், முற்றினால் காலையே எடுக்க வேண்டும். 1914 பனிக்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 20,000 பேருக்கு இது வந்தது. நம் இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியதே வெயில் நாட்டுப் பருத்தி உடுப்பில். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பிரிட்டிஷ் அரசாங்கமும் இதைச் சும்மா விடவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்த ரப்பர் ஆலை ஒன்று போர் முடிவதற்குள் 11 லட்சம் ஜோடிக்கு மேல் இதே மாதிரி ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தது. பூட்ஸ் மட்டும் போதவில்லை. காய்ந்த காலுறை மாற்ற வேண்டும், திமிங்கல எண்ணெய் தேய்க்க வேண்டும், அதிகாரி கால்களைச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் காலை மற்றவர் தேய்த்துவிட்டார்கள். காலுறைக்கு எங்கே போவது? 1914-லேயே அரசி மேரி 3 லட்சம் ஜோடி கேட்டிருந்தார். வீட்டுப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்து பின்னினார்கள்.

இப்போது நானும் பருத்திக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுபோய் வெட்டு பாதியானதும் மாற்றுகிறேன். வீட்டுக்கு வந்ததும் கால் துடைத்துத் தேங்காய் எண்ணெய். ராத்திரி என் மனைவி டார்ச் அடித்து ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்க்கிறாள். பூட்ஸை ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் கவிழ்த்து வைக்கிறேன். புண் திரும்பி வரவில்லை.

வாங்குகிறவர்கள் ஒரு சைஸ் கூட்டியே வாங்குங்கள். இறுக்கமான பூட்ஸும் கெண்டைக்காலில் சுற்றிய துணிப்பட்டியும் ரத்த ஓட்டத்தைத் தடுத்ததும் அந்த வீரர்களின் கால் கெட்டதற்கு ஒரு காரணம். நான் எட்டு வாங்கினேன். அடுத்தது ஒன்பதுதான்.