மலைநாட்டு வீட்டுக்கு எந்த வயிற்றுப் பயிற்சிக் கருவி?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகே நான் குடியிருக்கும் ஆசிரியர் விடுதியில் உடற்பயிற்சிக்கென ஒதுக்க முடிந்த இடம், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுதான். கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்த இடத்துக்குள் மடக்கு பெஞ்சு, பெரிய காற்றுப் பந்து, முழங்காலிட்டு உருட்டும் கைப்பிடிச் சில்லு என மூன்று கருவிகளை என் சம்பளத்தில் வாங்கி வைத்தேன். நான்காவதாக, வயிற்றில் கட்டிக்கொண்டால் மின்துடிப்பால் தசையை இயக்கும் ஒரு மின்பட்டியை உறவினரிடம் இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கிப் பார்த்தேன். இவற்றில் இன்றும் அன்றாடம் நான் கையில் எடுப்பது சில்லை மட்டுமே.

முதல் நாள் பெஞ்சைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, "கொழுந்துக் கூடையோட மலை ஏறி எறங்குன எங்களுக்கு ஏதப்பா தொந்தி?" என்று அம்மா கேட்டார். கேலியாகக் கேட்டாலும் விஷயம் அதில்தான் இருந்தது. வயிற்றுத் தசையை இயக்கினால் அதன் மேலுள்ள கொழுப்பு கரையும் என்பது விற்பவர்களின் பேச்சு. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 24 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் ஆறு வாரங்களுக்கு வயிற்றுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தசையின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியதே தவிர வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. ஆகவே தொந்தி கரைய வேண்டுமென்றால் தட்டிலுள்ள சோற்றையும் ஏற்றத்தில் நடக்கும் தூரத்தையும்தான் மாற்ற வேண்டும். தசை வலுப்பெற வேண்டும், நாள் முழுதும் கரும்பலகைக்கு முன் நிற்கும் இடுப்புக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பவர்களுக்கே கருவி பயன்படும்.

மின்பட்டியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. "கட்டிக்கிட்டு டீவி பாரு மச்சான், அது போதும்" என்று சொல்லித்தான் உறவினர் கொடுத்தார். பட்டி துடித்தது, தோல் கூசியது, வேறொன்றும் நடக்கவில்லை. உழைக்காமலே தசை வரும் என்று விளம்பரம் செய்த இத்தகைய மூன்று பட்டிகளின் விற்பனையாளர்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2002இலேயே நடவடிக்கை எடுத்திருக்கிறது.

பெஞ்சு ஹட்டனில் வாங்கியது. கடையின் வழவழப்பான தரையில் அசையாமல் நின்ற அது, என் அறையின் மேடுபள்ளமான சீமெந்துத் தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது; அட்டைத் துண்டை மடித்து முட்டுக்கொடுத்தேன், ஒவ்வொரு முறை எழும்போதும் அது நழுவியது. அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். ஆனி, ஆடி மாதங்களில் இங்கே நாட்கணக்கில் மழை விடாது, மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். முதல் மழைக்காலம் முடிவதற்குள் திருகாணித் தலைகளில் செந்துரு பூத்தது, மெத்தையின் அடிப்பக்கத்துப் பலகையில் பூஞ்சணம் படர்ந்தது. சாய்வை மாற்றும் ஊசி துருவில் இறுகிவிட, தேங்காய் எண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. பயிற்சியிலும் ஒரு குறை உண்டு. பாதங்களைத் தடியில் மாட்டிக்கொண்டு எழும்போது தொடையையும் இடுப்பையும் இணைக்கும் தசைகள் வேலையின் பெரும்பங்கைப் பிடுங்கிக்கொள்கின்றன. மறுநாள் வலித்தது எனக்கு வயிறு அல்ல, தொடையின் மேற்புறம்.

காற்றுப் பந்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதன்மேல் அமரும்போது தொடை தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். என் உயரத்துக்கு 65 சென்ரிமீற்றர் பந்து சரியாக இருந்தது. 2001இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 13 வயிற்றுப் பயிற்சிகளைத் தசையின் மின்துடிப்பை அளந்து ஒப்பிட்டார்கள். தரையில் படுத்து எழும் சாதாரணப் பயிற்சிக்கு 100 என்று வைத்தால், பந்தின் மேல் செய்வது முன்வயிற்றுத் தசைக்கு 139 பெற்றது. தொலைக்காட்சியில் கூவி விற்கப்பட்ட ஆடும் கருவியொன்று 21 மட்டுமே பெற்றது. ஆனால் மாலையில் இறுக்கமாகக் காற்றடித்து வைத்த பந்து விடியற்காலைக் குளிரில் தளர்ந்துவிடுகிறது. அறையில் கால் பகுதியை அதுவே பிடித்துக்கொள்கிறது என்பதால் அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதே ஒப்பீட்டில் 248 பெற்று முதலிடத்தில் நின்றது, மல்லாந்து படுத்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி இயக்கும் பயிற்சி. அதற்கு ஒரு பாய் போதும், காசு தேவையில்லை. கருவி வாங்க எண்ணுபவர் அதை ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

சில்லின் அமைப்பு எளிது. நடுவில் சக்கரம், குறுக்கே இரும்புத் தண்டு, இருபுறமும் கைப்பிடி. முழங்காலிட்டு அதை முன்னே உருட்டிச் செல்லும்போது இடுப்பு தரையை நோக்கித் தொய்ந்துவிடாமல் வயிற்றுத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். உண்மையான வேலை அந்தப் பிடிப்பில்தான் நடக்கிறது. பிடி தளர்ந்தால் பாரம் முழுவதும் கீழ்முதுகில் இறங்கும். இரண்டாம் நாளே ஆசைப்பட்டு முழு நீளத்துக்குப் போய், மூன்று நாள் குனிய முடியாமல் வகுப்பெடுத்தேன். அதன்பின் சுவரைப் பார்த்து முழங்காலிட்டு, சில்லு சுவரில் முட்டும் இடத்தையே எல்லையாக்கிக்கொண்டேன். வாரத்துக்கு நான்கு விரற்கடை பின்னால் நகர்ந்தேன். முழங்காலுக்குக் கீழே தடித்த மெத்தைத் துண்டு கட்டாயம் வேண்டும். மெழுகு பூசிய சிவப்புத் தரையில் சில்லு பக்கவாட்டில் வழுக்கும் என்பதால் நான் இறப்பர் விரிப்பின் மேல்தான் உருட்டுகிறேன். முதுகுத் தட்டு விலகியவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் பிரசவித்த தாய்மார் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

வாங்கும்போது கடையிலேயே பூட்டச் சொல்லி, கைப்பிடியின் பஞ்சு உறையை முறுக்கிப் பாருங்கள். அங்கேயே சுழன்றால் வியர்த்த கையில் கழன்று வரும். ஒற்றைச் சில்லு பக்கம் சாயும். முதன்முறையாகத் தொடங்குபவருக்கு இரட்டைச் சில்லே ஏற்றது. உள்ளே சுருள்வில் வைத்த அகலச் சில்லு தானாகவே பின்னால் இழுத்துத் தருவதால் தொடக்கத்தில் உதவும், பழகியபின் சலிப்பூட்டும். என்னுடையது ஒற்றை. எட்டு மாதங்களில் அதன் இறப்பர் வளையம் ஓரிடத்தில் ஓர் அங்குலம் உரிந்தது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். தண்டில் துரு வராமல் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். வளையம் முழுதாகக் கழன்றால் அடுத்ததாக இரட்டைச் சில்லைத்தான் வாங்குவேன்; பெஞ்சை யாராவது கேட்டால், அட்டைத் துண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவேன்.