வால் ஆடிய வண்டிக்கு ஸ்டீயரிங் பில்

என் வண்டி 2007 வேகன் ஆர். வீடு குளச்சல் பக்கம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போனால் எந்தக் காரும் கொஞ்சம் ஆடும். உயரமான வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அது பழகிய ஆட்டம். இந்த வருஷம் வேறு மாதிரி. காற்று ஒரு தள்ளு தள்ளி ஓய்ந்த பிறகு, பின்பக்கம் மட்டும் தனியாக ஒருமுறை நகர்ந்தது. லாரியை முந்தி இடப்பக்கம் ஒடித்தாலும் மூக்கு முதலில் வரும், வால் அப்புறம் வந்து சேரும்.

நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் "ராக் போச்சு சார்" என்றார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்களைத் திருப்பும் பாகம்தான் ராக். ராக் ரூ.7,500, முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் ரூ.5,800, அலைன்மென்ட் ரூ.600. மொத்தம் ரூ.13,900. மறுவாரமே முப்பந்தலில் அதே ஆட்டம். போன் செய்தால், "அங்க காத்து அப்படித்தான் சார்."

தக்கலையில் வயசான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். "வாலு ஆடுதுன்னா பொறத்த பாக்கணும் மக்களே, முன்னாடி எதுக்கு கழட்டினானுவ?" என்றவர், என்னை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்தார். இந்த வண்டியில் பின் ஆக்சில் ஒரே கட்டை. அது இடம் வலம் நழுவாமல் பிடித்திருப்பது குறுக்கே போகும் ஒற்றை லேட்டரல் ராடு. அதன் பாடிப்பக்க ரப்பர் புஷ் கிழிந்து, நான் தள்ளத் தள்ள உள்ளே இருந்த இரும்பு ஓர் விரல்கடை அசைந்தது. ராடும் கூலியும் சேர்த்து ரூ.1,400.

சரி, அந்தப் புது ராக்கையும் பாருங்கள் என்றேன். டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்பு பெயின்ட் பளபளக்கிறது, பக்கத்து ரப்பர் உறை மீதும் தெறித்திருக்கிறது. பழைய ராக்குக்கே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ராக்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் லாக் நட்டில் பழைய துரு அப்படியே, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. அந்த நட்டைத் தளர்த்தாமல் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ சாயும் திசைக் கோணம், வைக்க முடியாது, ஆக அலைன்மென்டும் பொய். ஷாக் அப்சார்பர் மட்டும் நிஜமாகவே புதுசு, அது தேவைப்படவில்லை என்பது வேறு கதை.

ராக் மாற்றச் சொன்னால், வண்டியை விடும் முன் அந்த நட்டை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ராக்கையும் கையில் கேளுங்கள். நான் பிறகு போய்க் கேட்டபோது, "எக்ஸ்சேஞ்சுல குடுத்தாச்சு சார்" என்றார்கள். லாக் நட் படத்தை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வாட்டர் வாஷ் ப்ரீயாகச் செய்து தருகிறோம் என்றார்கள்.