ஏர் ரைபிளுக்கு சைட் மாற்றலாமா? ஃபைபர், ஸ்கோப், பீப்

பெங்களூரு அல்சூர் பக்கம் நம் ஆட்கள் ஏர் ரைபிள் வாங்கிக் கொஞ்சம் கை பழகியதும் கேட்பது இதைத்தான்: குறி பார்க்கும் சைட்டை மாற்றலாமா? நான் சொல்வதெல்லாம் குழலை மடக்கி லோடு செய்யும் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைபிளுக்கு, 10 மீட்டரில் தாளைச் சுடுவதற்கு. அந்த வேலைக்கு என் ஓட்டு, சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் பீப் சைட்டுக்கே.

ஃபைபர் சைட்டின் பச்சை, சிவப்புப் புள்ளிகள் மங்கிய வெளிச்சத்திலும் சட்டென்று கண்ணில் படும். டப்பா, பாட்டில் மூடி சுட அது போதும். ஆனால் 10 மீட்டர் தாளில் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான், நடுவே பத்துக்கான புள்ளி அரை மி.மீ. அந்த மினுமினுப்பை வைத்து இதைக் குறி பார்ப்பது கஷ்டம்.

ஸ்கோப் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னால் இழுக்கும். இந்த இரட்டை அதிர்வில் சாதாரண ஸ்கோப்பின் உள்பாகம் கழன்றுவிடும். 10 மீட்டருக்கு ஃபோகஸ் ஆகாதவையும் நிறைய. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியும் இல்லை.

பீப்புக்கு வருவோம். ரைபிளோடு வரும் திறந்த சைட்டில் பின் சைட்டின் வெட்டு, முன் முனை, இலக்கு என மூன்றையும் கண் சமாளிக்க வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்குப் பின் வெட்டு மங்கலாகத்தான் தெரியும். பீப்பில் அந்தச் சின்னத் துளையைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தால் போதும். முன் வளையத்துக்குள் கறுப்பு வட்டம், சுற்றிலும் சீரான வெள்ளை. துளை சிறியதாக இருப்பதால் முன் வளையமும் இலக்கும் ஓரளவு ஒன்றாகத் தெளியும்.

பீப் இன்னும் பின்னால் உட்காருவதால் முன், பின் சைட்டுகளின் இடைவெளியும் கூடும். 50 செ.மீ. இடைவெளியில் 1 மி.மீ. பிசகினால் தாளில் 20 மி.மீ. விலகும். 65 செ.மீ. ஆனால் 15 சொச்சம்தான்.

பொருத்துவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பீப் பழைய வெட்டைவிட உயரமாக நிற்கும். 8 மி.மீ. உயர்ந்தால், முன் சைட்டை உயர்த்தாதவரை குண்டு 12 செ.மீ. மேலே போகும், திருகிச் சரிசெய்யும் அளவைத் தாண்டிய வித்தியாசம் இது. அதனால் முன் சைட்டையும் சேர்த்தே வாங்குங்கள், இல்லையென்றால் பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை ஒன்றில் அளவு கொடுத்து, முன் சைட்டை உயர்த்த ஓர் அடிக்கட்டை கடைந்து வாங்கலாம். பீப்பை மாட்டும் 11 மி.மீ. ரெயிலை எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு இறுக்குங்கள். பின்னால் தடுத்து நிறுத்தும் ஸ்டாப் பின் இல்லாவிட்டால் அதிர்வில் சைட் மெல்ல நகர்ந்துவிடும். பென்சில் கோடு ஒன்று போட்டு வைத்தால் நகர்வது தெரியும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முன் சைட்டுக்கு நேர் எதிர்.

ஒரு விஷயத்தில் பழைய சைட்டுக்குத்தான் மதிப்பெண். அதன் இரண்டு பாகமும் குழல்மேலேயே இருப்பதால், மடக்கும் இடத்தில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் குறி மாறாது. பீப் உட்காருவது பின்னால், ரிசீவர் என்கிற உடல்பகுதிமேல். அதனால் வாங்கும் முன் லோடு இல்லாத ரைபிளை மூடி, குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் முதலில் குழல் மடங்கும் இடத்தின் பிவட் போல்ட்டைச் சரிபாருங்கள், சைட் அப்புறம்.