நிதியமைச்சரிடம் கேள்வி: நட்சத்திரக் குறியோடு கேட்பதா, இல்லாமலா?

ஜிஎஸ்டி ரீஃபண்ட் நிலுவை பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்க எங்கள் வரி ஆலோசகர்கள் சங்கம் முடிவெடுத்தது. தொகுதி எம்.பி.யும் சம்மதித்தார், வாசகத்தை நாங்களே எழுதிக் கொடுக்கச் சொன்னார். உடனே சங்கத்தில் இரண்டு அணி. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், அதனால் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடுப்போம் என்றது ஓர் அணி. எழுத்துப்பூர்வ பதிலே போதும், குறியிடாத கேள்வியாகக் கொடுப்போம் என்றவர்களில் நானும் ஒருவன். கடைசியில் அப்படித்தான் கொடுத்தோம். இதே யோசனையில் இருக்கும் வியாபாரிகள் சங்கங்களுக்கும், பட்ஜெட்டை உன்னிப்பாகக் கவனிக்கும் மாணவர்களுக்கும் உதவட்டும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. இரண்டுக்குமே 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்களவையில் நிதி அமைச்சகத்தின் முறை திங்கட்கிழமை, மாநிலங்களவையில் செவ்வாய்க்கிழமை.

முதலில் இடம் கிடைக்கும் வாய்ப்பைப் பார்ப்போம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 மட்டுமே. குறியிடாதவை 230 வரை போகும். அந்த 20 இடமும் நிதி அமைச்சகத்துக்கு மட்டும் உரியவை அல்ல, அன்றைக்கு முறை வரும் அமைச்சகங்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். குலுக்கலில் வந்தாலும் அவையில் முறை வருமா என்பது வேறு கதை. காலை 11 மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேரக் ‘கேள்வி நேரத்தில்’ வழக்கமாக நான்கைந்து கேள்விகளைத்தான் எட்டுவார்கள். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளையும் எடுத்து முடித்தார்கள். 1972-க்குப் பிறகு அப்படி நடந்தது அன்றுதான் என்று செய்தியே வந்தது. அவ்வளவு அபூர்வம். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் வாய்மொழிப் பதில் முழுதாகவே போய்விடும். முறை வராத கேள்விக்கும் பதில் எழுத்தில் அவையில் வைக்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் துணைக் கேள்விக்காகத்தானே அந்த வழியில் போனோம்?

2020 செப்டம்பர் கூட்டத்தொடரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே கைவிட்டார்கள். அப்போதும் குறியிடாத கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வ பதில்கள் வந்துகொண்டிருந்தன.

ஆனாலும் என் மனதைத் தீர்மானித்தது இடம் கிடைப்பதோ கிடைக்காததோ அல்ல. பதில் வந்து ஒரு வருடம் கழித்து அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பதைத்தான் பார்த்தேன். வரி விஷயத்தில் பதிலின் ஆயுள் முக்கியம். வாடிக்கையாளருக்கு விளக்கும்போதும், துறைக்கு மனு எழுதும்போதும், அடுத்த பட்ஜெட்டுக்கு முன் கோரிக்கை வைக்கும்போதும் எடுத்துக் காட்ட ஒரு எண், தேதி போட்ட ஒரு தாள் கையில் இருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டு ஜிஎஸ்டி இதற்கு நல்ல உதாரணம். 2024 ஜூலை, ஆகஸ்டில் பிரீமியத்தின் மீதான 18 சதவீத வரியை நீக்கச் சொல்லிப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, மக்களவையில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சவுத்ரி பெயரில் ஓர் எழுத்துப்பூர்வ பதில் வந்தது: 2023-24-இல் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மூலம் கிடைத்த ஜிஎஸ்டி 8,262.94 கோடி ரூபாய், மறுகாப்பீட்டு (காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடு) பிரீமியம் மூலம் 1,484.36 கோடி. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, பட்ஜெட்டின் வரி மாற்றங்களைச் சட்டமாக்கும் நிதி மசோதா மீதான விவாதத்துக்குப் பதிலளித்தபோது நிர்மலா சீதாராமனும் இதே விஷயத்தைத் தொட்டார். ஜிஎஸ்டிக்கு முன்பே இந்த வரி இருந்தது, வசூலில் பெரும்பகுதி மாநிலங்களுக்கே போகிறது என்பது அவர் வாதம். இரண்டுமே முக்கியம்தான். பேச்சைக் கேட்டால் அரசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தது. ஆனால் 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுக்கு வரிவிலக்கு தர முடிவெடுத்து, அது 22-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, அரசு எவ்வளவு வருவாயை விட்டுக்கொடுக்கிறது என்று யோசிக்க நான் தேடி எடுத்தது அந்த 8,262.94 கோடி என்ற எண்ணைத்தான்.

அந்த எண்ணை அப்படியே போட்டுவிடவும் முடியாது. அது மருத்துவக் காப்பீட்டின் மொத்தக் கணக்கு, விலக்கு கிடைத்ததோ தனிநபர் பாலிசிகளுக்கு. எழுத்துப்பூர்வ பதிலின் பலமும் பலவீனமும் இதில் தெரிகிறது. எதைப் பிரித்துக் கேட்கிறோமோ அதைத்தான் பிரித்துத் தருவார்கள். ‘ஆண்டு வாரியாக’, ‘மாநில வாரியாக’, ‘தொகை வரம்பு வாரியாக’ என்று கேள்வியிலேயே எழுத வேண்டும். மொத்தக் கேள்வியும் 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கேள்வியை எழுதியபோது அதிக நேரம் பிடித்தது இதுதான். ரீஃபண்ட் ‘தாமதம்’ என்று முதலில் எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, விண்ணப்பம் கொடுத்து 60 நாள் தாண்டியவை எத்தனை, தொகை எவ்வளவு என்று மாற்றினோம். 60 நாள் என்பது சட்டமே வைத்திருக்கும் கெடு, அதனால் அதைச் சுற்றிக்கொண்டு போக இடமில்லை.

ஒரு பதில் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். தலையில் இந்திய அரசு, நிதி அமைச்சகம், அப்புறம் எந்தத் துறை என்று இருக்கும். கீழே கேள்வி எண். அதற்குக் கீழே தேதி, சக ஆண்டுக் கணக்கும் சேர்த்து: 5 ஆகஸ்ட் 2024, 14 ஸ்ராவணம் 1946. பிறகு (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவுகளோடு கேள்வி, அதே எழுத்துகளுக்கு எதிராகப் பதில். அட்டவணை இருந்தால் கடைசியில் இணைப்பாக வரும். ‘(அ) முதல் (இ) வரை’ என்று மூன்றையும் ஒரே பத்தியில் சேர்த்து விடை எழுதியிருந்தால் கவனமாகப் படிக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கு நேரடிப் பதில் விடுபட்டிருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். ‘எழவில்லை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிந்தால், முந்தைய உட்பிரிவுக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள் என்று பொருள்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிவதும் எழுத்துப்பூர்வ வழியின் பெரிய பயன். வசூலாகவில்லை என்று வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்காண்டு உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு நீண்ட வரிசையே கிடைத்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் வந்த பதிலில், 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் நீக்கப்பட்டது 14.56 லட்சம் கோடி, அதில் பெருந்தொழில் மற்றும் சேவைத் துறைக் கடன்கள் 7.40 லட்சம் கோடி, நீக்கிய கடன்களில் திரும்ப வந்தது சுமார் 2.04 லட்சம் கோடி என்று இருந்தது. ‘நீக்கினாலும் வசூல் தொடர்கிறது’ என்று பேச்சில் கேட்பதற்கும், இந்த மூன்று எண்களையும் ஒரே தாளில் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

எழுத்துப்பூர்வ பதிலிலும் வழுக்கல் உண்டு. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்ற வரிகளைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஆனால் இவை உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரசு உறுதிமொழிகளுக்கான குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். அவையில் வாயால் சொன்னதற்கும் இதே விதிதான். குறிப்பிட்ட ஒரு வரி செலுத்துபவரைப் பற்றிக் கேட்டால் எந்த வழியிலும் பதில் வராது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 138-வது பிரிவைச் சுட்டிக்காட்டி மறுத்து வந்த பதில்கள் ஏராளம்.

சரி, நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு என்ன மதிப்பு? 1957-ஐ மறக்க முடியாது. புதிதாகத் தொடங்கிய எல்ஐசி, தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் சுமார் 1.25 கோடி ரூபாயை முதலீடு செய்தது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. முதலில் வந்த விடை பிடிகொடுக்காமல் இருந்தது. ராம் சுபக் சிங், பெரோஸ் காந்தி போன்ற உறுப்பினர்கள் விடவில்லை. அது விவாதமாக வளர்ந்து, நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்குப் போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகுவதில் முடிந்தது. ஏதோ மறைக்கப்படுகிறது என்ற சந்தேகம் இருந்தால், யார் முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்று தோண்ட வேண்டியிருந்தால், எழுந்து நின்று கேட்பதற்கு ஈடு இல்லை. கேட்ட உறுப்பினருக்கே இரண்டு துணைக் கேள்விகள் உண்டு, சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

எழுத்துப்பூர்வ பதிலில் திருப்தி இல்லாவிட்டால் அரைமணி நேர விவாதம் கேட்க விதி இருக்கிறது. குறியிடாத கேள்விக்கும் அது பொருந்தும். எங்கள் சங்கம் அதுவரை போகவில்லை, அதனால் நடைமுறையில் அது எவ்வளவு எளிது என்று என்னால் சொல்ல முடியாது. மாநிலங்களவை வழியாகவும் நாங்கள் கேட்டதில்லை. அங்கே ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 15, குறியிடாதவை 160 என்ற அளவு மட்டும் தெரியும்.

வரி விகிதத்தை மாற்றச் சொல்வதுதான் நோக்கம் என்றால் இந்த இரண்டு வழியும் போதாது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வீடு, மனை விற்பனைக்கான இண்டெக்சேஷன் சலுகையை (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) எடுத்துவிட்டு, நீண்டகால மூலதன ஆதாய வரியை 20-லிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். பழைய சொத்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 7 அன்று, நிதி மசோதாவிலேயே திருத்தம் வந்தது: ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை, கட்டடத்துக்குத் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் எந்தக் கணக்கில் வரி குறைகிறதோ அதைக் கட்டலாம். அந்த மாதிரி நேரத்தில், எம்.பி.யிடம் கேள்வி எழுதிக் கொடுப்பதைவிட, பட்ஜெட் நாளுக்கும் மசோதா நிறைவேறும் நாளுக்கும் நடுவில் திருத்தக் கோரிக்கையை எழுதிக் கொடுப்பதே பலன் தரும். அதில் எடுத்துக் காட்டுவதற்கான எண்ணை மட்டும் முந்தைய கூட்டத்தொடரிலேயே குறியிடாத கேள்வி மூலம் வாங்கி வைத்திருக்க வேண்டும்.