வீட்டு டிஎன்எஸ், டிஎச்சிபி: பைண்ட்-கியா, பை-ஹோல், டிஎன்எஸ்மாஸ்க் மூன்றில் எது?

வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி, தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கமெல்லாம், வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மாடி ரூமை வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய. வைஃபையில் வாராவாரம் புதுப்புது போன்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஎச்சிபி போதவில்லை, பிரிண்டரையும் கேமராவையும் பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும் (பெயரை முகவரியாக மாற்றுவதுதான் டிஎன்எஸ்) என்றால், ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு குட்டிக் கணினியில் ஓடவிட மூன்று மென்பொருள் வழி உண்டு: பைண்ட்-கியா ஜோடி, பை-ஹோல், டிஎன்எஸ்மாஸ்க். என் ஓட்டு டிஎன்எஸ்மாஸ்க்குக்கு.

டிஎன்எஸ்ஸுக்கு பைண்ட், டிஎச்சிபிக்கு கியா; இரண்டும் தரமானவை, மறுக்கவில்லை. இரண்டையும் எழுதும் ஐஎஸ்சி அமைப்பு, 2022-இல் நிறுத்திய தன் பழைய டிஎச்சிபி சர்வருக்கு மாற்றாக முன்பே உருவாக்கியதுதான் கியா. ஆனால் கியா கொடுத்த முகவரி பைண்டுக்குத் தெரிய நடுவில் இன்னொரு டீமன் (பின்னணி நிரல்) ஓட வேண்டும், இரண்டு பக்கமும் செட்டிங் எழுத வேண்டும். காலேஜுக்கு சரி, வீட்டுக்கு எதற்கு?

டிஎன்எஸ்மாஸ்க்கில் டிஎன்எஸ், டிஎச்சிபி இரண்டையும் ஒரே நிரல் பார்த்துக்கொள்கிறது. பிரிண்டர் தன் பெயரைச் சொல்லி ஐபி வாங்கியதுமே அந்தப் பெயருக்கு பிங் (கருவி பதில் சொல்கிறதா என்ற சோதனை) போகும். கான்ஃபிக் கோப்பில் டிஎச்சிபி-ரேஞ்ச் என்று ஒரு வரி, அதில் 192.168.1.50 முதல் 192.168.1.200 வரை, கடைசியில் 2 மணி நேர லீஸ் (ஒரு கருவி முகவரியை வைத்திருக்கும் கெடு); ஊருக்குக் கிளம்பியவரின் போன் பிடித்திருந்த முகவரி அன்றைக்கே திரும்பிவிடும். கேமராவுக்கு நிலையான ஐபி வேண்டுமா, டிஎச்சிபி-ஹோஸ்ட் என்று இன்னொரு வரி.

பை-ஹோலுக்குள் ஓடுவதும் டிஎன்எஸ்மாஸ்க்கின் மாற்றிய வடிவம்தான். விளம்பரத்தைத் தடுக்கும், பிரவுசரிலேயே எல்லாம் மாற்றலாம். கமாண்ட் லைன் பழக்கமில்லாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: எந்த போன் எந்தத் தளத்தைத் தேடியது என்று அது தானாகவே பதிவு செய்து வைக்கும். மாடியில் தங்கியிருக்கும் நோயாளியின் மகன் ராத்திரியில் எந்தத் தளங்களுக்குப் போனான் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது. டிஎன்எஸ்மாஸ்க் நாம் கேட்காமல் அதைப் பதிவு செய்யாது. பை-ஹோல்தான் வேண்டும் என்றால் பிரைவசி அளவை 3-க்கு ஏற்றிவிடுங்கள், அதன் திரையில் தளமும் ஆளும் மறைந்துவிடும்.

எதைப் போட்டாலும் ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள், இரண்டும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் குழப்பம்தான். அப்புறம் கரண்ட் போனால் ராஸ்பெர்ரி பையும் ரவுட்டரும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ரவுட்டர் மட்டும் உயிரோடிருந்தால் வைஃபை காட்டும், புதிதாகச் சேரும் போனுக்கு ஐபி கிடைக்காது.