சந்தன மஞ்சளா, மஞ்சள் காவியா? மும்பை ஃபிளாட்டுக்கு எது பொருந்தும்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் வீட்டுக்கு மஞ்சள் அடிக்கத் தீர்மானித்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இரண்டு ஷேடில்தான். ஒன்று சந்தன மஞ்சள்: வெள்ளையில் துளி மஞ்சள், அதைவிடத் துளியாகச் சிவப்பு. இன்னொன்று மஞ்சள் காவி: அடர்த்தியானது, மண் சாயல் உள்ளது. எலுமிச்சை மஞ்சள் பக்கம் போகவே வேண்டாம். டியூப்லைட்டில் அது பச்சையடிக்கும்.

இருட்டு அறைக்கு வெளிர் நிறம், வெளிச்சமான அறைக்கு அடர் நிறம் என்றுதான் எல்லோரும் யோசனை சொல்வார்கள். மஞ்சள் விஷயத்தில் நாங்கள் நேர்மாறாகச் சொல்வோம்.

சந்தன மஞ்சளில் நிறமி மிகக் குறைவு. நல்ல வெளிச்சம் பட்டால்தான் அந்தத் துளி மஞ்சள் கண்ணுக்குத் தெரியும். மும்பையில் பல ஜன்னல்களுக்குப் பத்தடி தள்ளி அடுத்த கட்டிடம் நிற்கிறது. உள்ளே வருவது வானத்து நீலமும் எதிர்ச்சுவரின் சாம்பலும் கலந்த மங்கல் வெளிச்சம். அதில் சந்தன மஞ்சள் அழுக்கேறிய பழைய வெள்ளைபோல் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜன்னலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் இன்னும் மோசம். தார்ப்பாய் வழியே வரும் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுவதால் சுவர் திருப்பித் தர அதிகமில்லை; சாம்பல் பச்சையாகிவிடும். அதே வெளிச்சத்தில் காவி கொஞ்சம் மங்கினாலும் மஞ்சளாகவே நிற்கும்.

ஆனால் காவி வெளிச்சத்தைக் குடிக்கும். சுவரில் படும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் திரும்புகிறது என்பதைப் பெயின்ட்காரர்கள் எல்.ஆர்.வி. என்ற எண்ணால் குறிப்பார்கள். சந்தன மஞ்சளுக்கு அது 75 வாக்கில் இருக்கும், காவிக்கு 45 முதல் 50. ஒரு டியூப்லைட் போதுமாயிருந்த அறைக்குக் காவி அடித்தால் இரண்டாவது லைட் பாயின்டுக்கும் சேர்த்தே செலவைக் கணக்குப் போடுங்கள். பல்பின் நிறமும் முக்கியம்; அதைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் நீல வெள்ளை, குறைந்தால் மஞ்சள். 6500 கெல்வின் வெள்ளையில் காவி உயிரில்லாமல் தெரியும், 3000-இல் ஆரஞ்சுப் பக்கம் சாயும், 4000 சரியாக வரும். சந்தன மஞ்சளுக்கு 3000 நன்றாக இருக்கும்.

மேற்கே கடல் பார்த்த ஹாலுக்குச் சந்தன மஞ்சள்தான். மாலை நாலு மணி வெயில் நான்கு காவிச் சுவர்களில் பட்டால் ஒரு சுவரின் நிறம் அடுத்ததில் விழுந்து, அறையே செக்கச் சிவந்துபோகும். காவி ஆசை விடவில்லை என்றால் ஒரே ஒரு சுவருக்கு அடியுங்கள், அதுவும் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ள சுவருக்கு. ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டாம். அது எப்போதும் நிழலில் இருப்பதால் பழுப்பாகத் தெரியும். இப்படி நிறம் ஒன்றில் ஒன்று ஏறுவதால், எந்த மஞ்சளானாலும் ஷேட் கார்டில் பிடித்ததைவிட ஒரு படி வெளிரானதையே வாங்குவது நல்லது.

கடையில் கலக்கும்போது ஒரு விஷயம் கேளுங்கள். டின்டிங் மெஷின் திரையில் அந்த ஷேடுக்கு என்னென்ன கலர் எத்தனை மில்லி என்று வரும். மஞ்சள் ஆக்ஸைடு, அதாவது இரும்பு ஆக்ஸைடு, முதன்மையாக இருந்தால் நிம்மதி. அது அடிச்சுவரை நன்றாக மறைக்கும், வெயிலுக்கும் சிமென்டின் காரத்துக்கும் வெளுக்காது. பளிச்சென்ற ஆர்கானிக் மஞ்சள், அதாவது கார்பன் சார்ந்த செயற்கை நிறமி, அதிகமிருந்தால் மறைப்பு குறைவு. மூன்றாவது கை (கோட்), சில சமயம் நான்காவதும் தேவைப்படும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு காவி ஷேடுகளில் ஒன்று மலிவாகவும் மற்றது விலையாகவும் முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'தோ ஹாத்' (இரண்டு கை) என்று பேசிய கூலியில் பெயின்டர் மூன்றாவது கை அடிக்க மாட்டார், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

10-க்கு 12 அறை, உயரம் 9.5 அடி என்றால் சுவர்ப்பரப்பு 418 சதுர அடி. கதவும் ஜன்னலும் கழித்தால் சுமார் 375. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த சுவரில் நல்ல எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கையாக 110 முதல் 130 சதுர அடி வரும். சந்தன மஞ்சளுக்கு 4 லிட்டர் போதும், டச்-அப்புக்கும் மிஞ்சும். காவிக்கு மூன்று கை என்று வைத்து 4 லிட்டரும் 1 லிட்டரும் வாங்குங்கள். இரண்டையும் ஒரே வாளியில் கலந்த பிறகே ரோலரை நனையுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் மயிரிழை மாறும், அந்த மாற்றம் சுவரின் நடுவில் கோடாகத் தெரியும்.

மழைக்காலத்தில் காவி அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயின்ட் மெதுவாகக் காயும்போது உள்ளிருக்கும் சோப்புத்தன்மையுள்ள பொருள் மேலே கசிந்து, பழுப்புப் பிசுபிசுப்பாகக் கோடு கோடாக இறங்கும். அடர் நிறங்களில் இது அதிகம். வந்துவிட்டால் மேலே இன்னொரு கை அடிக்காமல், நன்றாகக் காயவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் இருந்தால் உப்புப் பூப்பது காவியில் பட்டவர்த்தனமாகத் தெரியும், சந்தன மஞ்சளில் கொஞ்ச நாள் மறைந்திருக்கும். இரண்டடி பாலிதீனை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே நீர் முத்து கோர்த்திருந்தால் முதலில் பிளம்பர், பிறகுதான் பெயின்டர்.

பராமரிப்பில் சந்தன மஞ்சளுக்கே எங்கள் ஓட்டு. சுவிட்ச் போர்டு ஓரத்துக் கைக்கறையும் சாமி அலமாரி மேல் ஊதுபத்திப் புகையும் அதில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் துடைக்கலாம், டச்-அப் செய்தாலும் ஒட்டு தெரியாது. மேட் காவியில் நாற்காலி உரசிய இடம் பளபளக்கும், டச்-அப் திட்டாக நிற்கும். காவி என்றால் லேசான பளபளப்புள்ள சாஃப்ட் ஷீன் வாங்குங்கள்.

பழைய கட்டிடத்தின் சமையலறையில் மஞ்சள் ஆயில் பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. முன்பு மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2016-இல் வந்ததுதான். தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், மாஸ்க் கட்டாயம், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

முடிவெடுக்குமுன் இரண்டடிப் பலகை இரண்டில் இரண்டு ஷேடையும் இரண்டு கை அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் காய்ந்தால் ஒரு சாயல் கறுக்கும், ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய சுவர் நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதால் ஓரத்தில் வெள்ளை விளிம்பு விடுங்கள். காலை எட்டு, மதியம், மாலை ஐந்து, இரவு லைட் போட்டபின் என ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துப் பாருங்கள். அந்த அறையை நீங்கள் அதிகம் புழங்கும் நேரத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் டின்டிங் சீட்டை போட்டோ எடுத்து வையுங்கள். ஷேட் எண் மட்டும் இருந்தால், இரண்டு வருடம் கழித்து வேறு கடையில் அதே நிறம் அப்படியே கிடைக்கும் என்று நம்ப முடியாது.